செங்காவிக் கோடு

கேளுங்கள். கடல் இப்போது இருக்கிற இடத்துக்கு இரண்டு காதம் தள்ளி அலையடித்த காலம் அது. அந்தக் கரையோரப் பட்டினத்தில் ஆவுடையப்பன் என்று ஒருவன் இருந்தான். வீட்டை ஈடு வைத்துக் கடன் கேட்டு யாராவது வந்தால், அந்த வீடு தேறுமா தேறாதா என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை.

அவன் பார்க்கிற முறை ஊருக்கே தெரியும். கைத்தடியால் வாசல் நிலையைத் தட்டுவான். சுவரைத் தட்டுவான். கடைசியில், கூரையைத் தாங்கும் உத்திரத்தைத் தட்டுவான். மூன்றும் கெட்டியாக ஒலித்தால் கதவில் சுண்ணாம்புக் கோடு. வணிகர் சபை கடன் கொடுக்கும். ஒன்று பொக்கென்று ஒலித்தாலும் செங்காவிக் கோடு. கடன் கிடையாது. சந்தேகம் வந்தால் தச்சனைக் கூப்பிட்டுத் துளை போட்டுப் பார்க்கவும் சபை இடம் வைத்திருந்தது. இருபது வருஷத்தில் அவன் ஒரு தடவைகூடத் தச்சனைக் கூப்பிட்டதில்லை. "தட்டினாலே அவருக்குத் தெரிஞ்சுடும்" என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சில் அவனுக்கு அப்படியொரு மயக்கம்.

ஒருநாள் குயவர் தெருவிலிருந்து பூவாத்தா வந்து நின்றாள். அவள் புருஷன் சடையன் ஓட்டிய பானை வண்டி அரசனின் மதகை இடித்துவிட்டது. பௌர்ணமிக்குள் அபராதம் கட்டாவிட்டால் அவனைத் துடுப்புப் போடக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். அப்படிப் போனவர்கள் யாரும் திரும்பியதில்லை. அவளிடம் இருந்ததெல்லாம் மாமனார் கட்டிய வீடு ஒன்றுதான்.

குயவர் தெருவில் ஆவுடையப்பன் அதற்குமுன் கால் வைத்ததில்லை. நிலையைத் தட்டினான், கெட்டி. சுவரைத் தட்டினான், கெட்டி. உத்திரத்தைத் தட்டினான். நடுவில் கெட்டியாகத்தான் இருந்தது. சுவரில் போய் உட்காரும் முனையில் மட்டும் சத்தம் ஒரு மாதிரி இருந்தது. கறையான் தின்றது என்றும் சொல்ல முடியவில்லை, தின்னவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. மறுபடி தட்டினான். இன்னொரு தடவையும் தட்டினான். தெருவே வாசலில் நின்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னங்கய்யா, ஏதும் குறையா?" என்றாள் பூவாத்தா. "சந்தேகம்னா தச்சரைக் கூட்டியாரேன். பௌர்ணமிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு."

நல்ல பேச்சு. அதைக் கேட்டிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டாம். அவனுக்கோ சுருக்கென்றது. தச்சனைக் கூப்பிட்டால் இருபது வருஷத்துப் பேர் என்னாவது? நல்லது என்று சொல்லி நாளைக்கே இடிந்தால் சபை சும்மா விடுமா? கெட்டது என்று சொன்னால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

"எனக்கென்னம்மா சந்தேகம்? உத்திரம் போச்சு," என்றான். செங்காவியைக் குழைத்துக் கதவில் இழுத்தான். வீட்டுக்குப் போய் நன்றாகவே சாப்பிட்டான், பாவி.

செங்காவி விழுந்த வீட்டை யார் வாங்குவார்கள்? பூவாத்தா தெருத்தெருவாக அலைந்தாள். கடைசியில் ஒருவன் விறகு விலைக்குக் கேட்டான். கொடுத்தாள். அபராதத்தில் பாதிகூடத் தேறவில்லை. பௌர்ணமியன்று சடையனைக் கப்பலில் ஏற்றினார்கள்.

வாங்கியவன் வீட்டை இடித்தான். உத்திரத்தில் கோடரி இறங்கவில்லை, அதன் வாய்தான் மழுங்கியது. விறகென்று வாங்கினால் வைரம் பாய்ந்த மரமாக இருக்கிறதே என்று, அதற்கு விலை சொல்ல ஆவுடையப்பனையே கூப்பிட்டு அனுப்பினான்.

அவன் வந்தபோது உத்திரம் தரையில் கிடந்தது. முனைவரைக்கும் ஒரு பூச்சி அரிப்பு இல்லை. அந்த முனை உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழே, சுவர்ப் பொந்தில், வாய் மூடிய சின்னப் பானை ஒன்று இருந்தது. அதை எடுத்துப்போக வந்திருந்த பூவாத்தா தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

"இது என்னம்மா பானை?"

"எங்க தெருவுல எல்லா வீட்லயும் உண்டுங்க. சூளையில முதல்ல வெந்த பானையை, உள்ள ஒண்ணும் போடாம வெறும் பானையா, உத்திரத்துக்கு அடியில வச்சுப் பூசிருவோம்."

"அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றான் ஆவுடையப்பன்.

"உத்திரம் போச்சுன்னுதானே சொன்னீங்க. சத்தம் ஒரு மாதிரி இருக்கு, ஏன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஆவுடையப்பன் ஒவ்வொரு வீட்டுக்கும் தச்சனைக் கூட்டிக்கொண்டு போனான். போய் என்ன? சடையன் வரவில்லை.

ஆகையால், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவன், தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்தவர் குடியைக் கெடுத்துவிடுவான்.