லீவர் இறங்கினால் ஏட்டு எழுந்திருக்கக் கூடாது

ஊசிப்பாறை போலீஸ் ஸ்டேஷன்காரர்களை யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. மேலிடத்தில் என்ன சொல்கிறார்களோ அதை அப்படியே செய்வார்கள். ஸ்டேஷன் வாசலில் நாய் நிற்கக் கூடாது என்று ஒரு தடவை உத்தரவு வந்தது. பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்த நாய் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. எழுந்தால் கான்ஸ்டபிள் சொள்ளமுத்து அதட்டுவான்.

அந்த ஸ்டேஷனில் ஏட்டாக இருந்தவர் உச்சிமாகாளி. வயது நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடமெல்லாம் கேசரி சாப்பிட்டதுதான் மிச்சம். ஒருவழியாக மேலக்குளம் கொம்பையா தன் மகள் பூரணவல்லியைத் தர ஒத்துக்கொண்டார். பத்தரை மணிக்கு முகூர்த்தம். அன்றைக்குக் காலையில் மனுஷன் பட்டு வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாகக் கிளம்பி, சும்மா ஒரு எட்டு எஸ்.ஐ.யிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று ஸ்டேஷனுக்குள் கால் வைத்தார். வைத்திருக்கவே கூடாது.

எஸ்.ஐ. தளவாய் அப்போதுதான் டி.எஸ்.பி.யிடம் பேசிவிட்டு போனை வைத்தார்.

"ஏட்டையா, மேலிடத்துலயிருந்து ரெண்டு பிஸ்டல் வந்திருக்கு. ரெண்டுலயும் லீவர் வேற வேற தினுசு. எது நமக்குத் தோதுன்னு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லணுமாம். பார்த்து முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் ஸ்டேஷனை விட்டு நகரக் கூடாதுன்னு உத்தரவு."

"அய்யா, எனக்குக் கல்யாணம்."

"ஒருத்தரும்னா ஒருத்தரும்தான். மாப்பிள்ளை நீங்கலாகன்னு அவரு சொல்லலையே."

டி.எஸ்.பி.யைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால், அவர் அதற்குள் தேர்த் திருவிழா பந்தோபஸ்துக்குப் போய்விட்டார். கொட்டுச் சத்தத்தில் போனை எடுக்கவில்லை. ஏட்டுக்கு அழுகை வந்தது. சந்தனம் கலைந்துவிடுமே என்று அடக்கிக்கொண்டார்.

பிஸ்டல்களைக் கொண்டுவந்த ஆயுதக் கிடங்கு ஆள் இரண்டையும் திறந்து, குண்டு எதுவும் இல்லை என்று காட்டினார். பிறகு பொறுமையாக விளக்கினார்.

"பின்னாடி இருக்கே, இதுதான் சுத்தி, குண்டை அடிச்சு வெடிக்க வைக்கிறது. மேல்பாகத்தை இழுத்து விட்டா சுத்தி நிமிர்ந்து நிக்கும். சுடாமலே அதைப் படுக்க வைக்கணும்னா கையால தொடாதீங்க. இந்த லீவரை அமுக்குங்க. 'டக்'குனு தானா படுத்துரும், வெடிக்காது. வெள்ளை பிஸ்டல்ல விரலை எடுத்ததும் லீவர் தானா மேல வந்துரும். கறுப்பு பிஸ்டல்ல இறங்கினது இறங்கினபடியே நிக்கும். மேலதிகாரி சொல்லாம அதைத் தூக்காதீங்க. இன்னும் ரெண்டு விஷயம். குண்டு இல்லாட்டியும் குண்டு இருக்குன்னுதான் நினைக்கணும். எப்பவும் பாதுகாப்பான இடத்தைப் பார்த்துத்தான் பிடிக்கணும்."

சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார். புண்ணியவான், ஒரு டீ குடித்துவிட்டுப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மூவரும் முற்றத்துக்கு வந்தார்கள். எஸ்.ஐ. வெள்ளை பிஸ்டலைக் கையில் எடுத்துக்கொண்டு யோசித்தார்.

"பாதுகாப்பான இடம் எதுலே, சொள்ளமுத்து?"

"வயக்காட்டுல பாம்பு இருக்குய்யா. ரோட்டுல லாரி வருது. இந்த ஊர்லயே பாதுகாப்பான இடம்னா நம்ம ஸ்டேஷன்தான்."

"அதானே!" என்று எஸ்.ஐ. மேல்பாகத்தை இழுத்து விட்டு ஸ்டேஷன் வாசலைப் பார்த்துப் பிடித்தார். "சரி, உள்ளே போய் எனக்குத் தண்ணி கொண்டு வாலே."

சொள்ளமுத்து செம்போடு வாசலுக்கு வரவும், எஸ்.ஐ. லீவரை அமுக்கவும் சரியாக இருந்தது. டக். சுத்தி படுத்தது.

எஸ்.ஐ.யின் முகம் கறுத்துவிட்டது. "ஏலே, படுலே! உன்னைச் சுட்டுட்டேன்."

"எனக்கு ஒண்ணும் ஆகலையேய்யா!"

"குண்டு இருக்குன்னுதான் நினைக்கணும்னு சொன்னாரா இல்லையா?"

"லீவரை அமுக்கினா வெடிக்காதுன்னும் சொன்னாரேய்யா" என்று ஏட்டு குறுக்கிட்டார்.

"நிஜத்துல வெடிக்காது. நினைப்புல வெடிக்கும். நம்மளை நினைக்கத்தானே சொல்லியிருக்கு?"

சொள்ளமுத்து செம்பை ஓரமாக வைத்துவிட்டு மரியாதையாகச் செத்துப் படுத்தான். எஸ்.ஐ. விரலை எடுத்தார். லீவர் விசுக்கென்று மேலே வந்தது.

"லீவரே எந்திரிச்சிட்டு. நீயும் எந்திரி."

எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டான். "நல்ல பிஸ்டல்யா இது. பெரிசா வலிக்கல."

மணி ஒன்பதரை. ஏட்டின் போன் அடித்தது. கொம்பையா.

"மாப்ளே, எங்க இருக்கீய? பொண்ணு மணையில உக்காந்தாச்சு. பத்தரைக்குள்ள நீங்க வரலைன்னா என் தங்கச்சி மவனை உக்கார வச்சிருவேன், பாத்துக்கிடுங்க. அவனும் பட்டு வேட்டிதான் கட்டியிருக்கான்."

ஏட்டு போனை மடியில் செருகினார். இத்தனை வருஷம் கேசரி தின்றது அந்தத் தங்கச்சி மகனுக்காகவா? கறுப்பு பிஸ்டலையும் சீக்கிரம் முடித்துத் தொலைக்கலாம் என்று எஸ்.ஐ. கையில் கொடுத்துவிட்டு, எழுத ஒரு பேனா எடுக்க ஸ்டேஷனுக்குள் ஓடினார். பேனாவோடு வாசலுக்குத் திரும்பினார். டக்.

கறுப்பு பிஸ்டலின் லீவர் இறங்கிவிட்டது. சொள்ளமுத்து தொப்பியைக் கழற்றினான்.

"நல்ல மனுஷன்யா. கல்யாண நாள் அதுவுமா இப்படியா போவாரு?"

"ஏலே, லீவரைத் தூக்குங்கலே! நான் எந்திரிக்கணும்!" என்று படுத்தபடியே கத்தினார் ஏட்டு. ஆமாம், அவரும் படுத்துவிட்டார். இருபது வருஷ சர்வீஸ், பழக்கம் விடுமா?

எஸ்.ஐ. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எப்படித் தூக்குறது ஏட்டையா? இது இறங்கினது இறங்கினபடி நிக்கிற லீவர். மேலதிகாரி சொல்லணும். அவரு தேரோட போயிட்டாரு. லீவர் இறங்கியிருக்கிற வரைக்கும் நீங்க செத்தது செத்ததுதான்."

"அப்ப எனக்கு லீவு?"

"செத்தவருக்கு லீவு எதுக்குய்யா?" என்றான் சொள்ளமுத்து.

ஏட்டின் மூளையில் முதல் முறையாக ஒரு வெளிச்சம் அடித்தது. "அப்படின்னா நான் கிளம்பலாமே!"

"பாடி எப்படிக் கிளம்பும்? பிரேத விசாரணை வேண்டாமா?" எஸ்.ஐ. சட்டப்படி நடக்கிற மனிதர். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இறந்தவரைக் கடைசியா உயிரோட பார்த்தது யாரு?"

"நான்தான்" என்று ஏட்டு கையைத் தூக்கினார்.

"அவருக்கு யார் மேலயாவது விரோதம் உண்டா?"

"இப்ப இருக்கு."

"சரி, விசாரணை முடிஞ்சது. பாடியைச் சொந்தக்காரங்ககிட்ட ஒப்படைக்கணும். அப்பா, அம்மா?"

"ரெண்டு பேரும் இல்ல அய்யா. பத்தரைக்குள்ள போனா ஒரு பொண்டாட்டி இருப்பா."

இப்படித்தான் ஏட்டு உச்சிமாகாளியை ஜீப்பின் பின்பக்கம் நீட்டிப் படுக்க வைத்து மேலக்குளத்துக்கு ஓட்டினார்கள். வழியில் சொள்ளமுத்து ஒரு மலர் வளையம் வாங்கினான். ஏட்டுக்கு வருத்தமே இல்லை. வண்டி மண்டபத்தைப் பார்த்துப் போகிறதே, அது போதாதா? மேடு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போடும்போதெல்லாம் தலையைத் தூக்கி மணி பார்த்துக்கொண்டார்.

மண்டபத்தில் தங்கச்சி மகன் மணையில் ஒரு காலை வைத்துவிட்டான். அந்த நேரத்தில் உள்ளே நுழைந்த எஸ்.ஐ. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"மாப்ள வந்துட்டாரா?" என்றார் கொம்பையா.

"பாடி வந்திருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிடுங்க."

பாடி தானாக நடந்து வந்தது. கழுத்தில் மலர் வளையம். பூரணவல்லியைப் பார்த்து லேசாகச் சிரித்தது. பெண்கள் பக்கம் ஒரே களேபரம். "என் மவளை ஒரு பொணத்துக்கா கட்டிக் கொடுப்பேன்?" என்று கொம்பையா தோள் துண்டை உதறினார். ஏட்டுக்கு இப்போதுதான் நிஜமாகவே உயிர் போனது.

பூரணவல்லி மட்டும் பதறவில்லை. எஸ்.ஐ.யைப் பார்த்துக் கேட்டாள்.

"அய்யா, இவுக செத்தது டூட்டியிலயா?"

"டூட்டியிலதாம்மா. ஸ்டேஷன் வாசல்லயே."

"டூட்டியில செத்தா வீட்டம்மாவுக்குக் கருணை அடிப்படையில வேலை உண்டுல்ல?"

"சட்டப்படி உண்டு."

"அப்ப என்ன எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கீய? மேளத்தை அடிக்கச் சொல்லுங்க! யாராச்சும் லீவரைத் தூக்குறதுக்குள்ள தாலியைக் கட்டச் சொல்லுங்க!"

கெட்டிமேளம் முழங்கியது. தங்கச்சி மகன் காலை எடுத்துக்கொண்டான். மூன்று முடிச்சையும் ஏட்டு தன் கையாலேயே போட்டார். செத்த கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ!

பந்தி நடக்கும்போது எஸ்.ஐ.யின் போன் அடித்தது. டி.எஸ்.பி.

"என்னய்யா, பிஸ்டல் பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு அய்யா. வெள்ளையில செத்தவன் தானா எந்திரிச்சுருதான். கறுப்புல செத்தவரு எந்திரிக்க மாட்டேங்காரு. கறுப்புதான் தோது."

"யாருய்யா செத்தது?"

"ஏட்டு உச்சிமாகாளி அய்யா."

"அய்யய்யோ! இப்ப பாடி எங்கய்யா?"

"பந்தியிலதான் அய்யா இருக்கு. ரெண்டாவது தடவையா பாயசம் வாங்குது."

டி.எஸ்.பி.க்கு மெல்ல மெல்ல எல்லாம் விளங்கியது. தேர்க் கொட்டுச் சத்தத்தையும் மீறி அவர் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "மடப்பயலுகளா! அந்த லீவரை முதல்ல தூக்குங்கய்யா!"

மேலதிகாரி சொல்லியாகிவிட்டது. எஸ்.ஐ. பயபக்தியோடு இடுப்பிலிருந்து கறுப்பு பிஸ்டலை எடுத்து ஏட்டின் இலைக்குப் பக்கத்தில் வைத்து, லீவர் மேல் விரலை வைக்கப் போனார். அதற்கு முன்பே அங்கே ஒரு மருதாணி விரல் லீவரைக் கீழே அழுத்திப் பிடித்திருந்தது.

"வேலை ஆர்டர் என் கைக்கு வரட்டும் அய்யா" என்றாள் பூரணவல்லி. "அதுவரைக்கும் இவுக இப்படியே இருக்கட்டும்."

ஏட்டும் சரி என்று தலையாட்டிவிட்டு, செத்தவர்களுக்கு அப்பளம் இன்னொன்று உண்டா என்று பரிமாறுகிறவரிடம் கேட்டார்.