பழைய போனிலிருந்து புதுப் போனுக்கு

ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து நெல்லையப்பன் சாமியிடம் கேட்காத கேள்வி இல்லை. ஆசை ஏன் விட்டுப் போக மாட்டேன் என்கிறது, தியானத்தில் உட்கார்ந்தால் ஏன் முட்டி மட்டும் ஞாபகத்துக்கு வருகிறது, இப்படி. அன்று மத்தியானம் கேட்டது வேறு மாதிரி.

"சாமி, இந்த வைஃபை ஏன் இம்புட்டு மெதுவா போவுது?"

சாமி அவரைவிட வயதில் இளையவர். மலையடிவாரத்து ஓட்டு வீடு ஒன்றில் இருந்தார். அதற்குத்தான் ஆசிரமம் என்று பெயர். நாலைந்து சீடர்கள், ஒரு பசு, பக்தர் ஒருவர் மாட்டிக்கொடுத்த வைஃபை பெட்டி, அவ்வளவுதான் சொத்து. ஞாயிற்றுக்கிழமை பேச்சைக் கேட்க வருகிறவர்கள் போன வாரப் பேச்சையும் போனில் ஏற்றிக்கொண்டுதான் கிளம்புவார்கள். அதனால் எந்த போன் எப்படிப் போகும் என்பது சாமிக்கு அத்துப்படி.

"கோமதியம்மா போன்தானே? அது மெதுவாத்தான் போவும்" என்றார் சாமி.

"பக்கத்துல பக்கத்துலதான் வச்சிருக்கேன், ரெண்டு போனையும்."

"பக்கத்துல இருந்தா என்ன? இங்க இருந்து பெட்டிக்குப் போயி, பெட்டியில இருந்து திரும்பி வரணும். பழைய போனு வேற. போட்டுட்டு இருங்க, போவும்."

சும்மா இருக்க முடிந்தால் நெல்லையப்பன் ஏன் சீடராக வந்திருக்கிறார்?

கோமதி அவருடைய மனைவி. காலமாகிவிட்டாள். அவள் எடுத்ததும், அவளை இவர் எடுத்ததுமான வீடியோக்கள் அந்த ஒரு போனில்தான் இருந்தன. போனுக்கோ ஆயுசு முடிகிற நேரம். பேட்டரி உப்பி முதுகு பிளந்திருந்தது. ஒயரைச் சாய்த்துப் பிடித்தால் சார்ஜ் ஏறும், கம்ப்யூட்டரில் சொருகினால் இப்படி ஒரு போன் இருப்பதாகவே காட்டாது. வைஃபையை விட்டால் வேறு வழி இல்லை.

மகள் அகிலா அன்று சாயங்காலம் கனடாவுக்குக் கிளம்புகிறாள். நர்ஸ் வேலை. விமான நிலையத்துக்குப் போகிற வழியில், அந்த வீடியோக்களுக்காக மட்டும்தான் இங்கே இறங்கியிருந்தாள். அப்பாவிடம் பேசுவதை அம்மா காரியத்தோடு நிறுத்திவிட்டாள். எது வேண்டுமானாலும் சாமியிடம் சொல்லுவாள்.

"சாமி, அப்பா மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுதாங்களான்னு கேளுங்க."

ஓரடி தள்ளி நின்ற நெல்லையப்பன், "போடுதேன்னு சொல்லுங்க சாமி" என்பார்.

அவள் தன் போனையும் சாமி கையில் கொடுத்துவிட்டு, வாசலில் வேனுக்குப் பக்கத்தில் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். சாமிதான் கோமதியின் போனில் மொத்தத்தையும் டிக் செய்து அனுப்பத் தொடங்கி வைத்தார். தேதி வரிசையில் ஒவ்வொன்றாகப் போனது.

வரிசையில் கடைசியாக நின்ற வீடியோவுக்குத்தான் நெல்லையப்பன் பயந்துகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கோமதி. "அகிலாவ வரச் சொல்லுங்க. பாக்கணும்போல இருக்கு" என்கிறாள். போனுக்குப் பின்னாலிருந்து இவர் குரல்: "அவளுக்குப் பரீட்சை முடியட்டும். நான் சொல்லுதேன்."

சொல்லவில்லை. வெறும் காய்ச்சல் என்றார். அகிலா வந்து சேர்ந்தபோது கோமதிக்குப் பேச்சு நின்றிருந்தது. ஏன் கூப்பிடவில்லை என்று மகள் கத்தியபோது, அந்த நேரத்துப் பயத்தில் நெல்லையப்பன் வாயிலிருந்து வந்தது இதுதான்: "உங்கம்மாதான் உன்னை வரவேண்டாம்னு சொல்லிட்டா."

செத்துப்போனவள் மேல் பழியைப் போட்டாயிற்று. அவள் வந்து மறுக்கவா போகிறாள்? மகள் அதை நம்பிவிட்டாள். கடைசி நேரத்தில் அம்மா தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றே நினைத்து, அந்த நினைப்போடுதான் இப்போது கடல் தாண்டப் போகிறாள்.

அந்த வீடியோவை அழித்துவிடலாம். எத்தனையோ தடவை விரல் அது வரைக்கும் போயிருக்கிறது. ஆனால் கோமதி கடைசியாகப் பேசியது அதில்தான். அவள் குரலைத் தன் கையாலேயே அழிக்க எந்தப் பாவியாலும் முடியாது. டிக்கை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அனுப்பலாம் என்றால், அதே பொய்யை இரண்டாம் தடவை சொன்ன மாதிரி ஆகும். அனுப்பவும் மனசில்லை, அனுப்பாமல் இருக்கவும் மனசில்லை.

ஆகவே நெல்லையப்பன் வைஃபைமேல் பழி போட்டார்.

முதல் தடவை முக்கால்வாசி போனபோது, வேகம் எங்கே நன்றாக இருக்கிறது என்று பார்க்கிறேன் என்று பழைய போனைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துப் பக்கம் நடந்தார். சுவர் இரண்டைத் தாண்டியதும் அறுந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து.

அடுத்த தடவை, வேகத்தை அளக்கிற ஆப் ஒன்றைத் திறந்தார். அந்தக் கிழட்டு போனுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்யவே மூச்சு வாங்கும். அனுப்புகிற ஆப் அப்படியே மூடிக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து.

"வண்டிக்கு நேரமாச்சுன்னு சொல்லுங்க சாமி" என்று வாசலிலிருந்து அகிலாவின் குரல் வந்தது.

நெல்லையப்பன் பழைய போனைச் சாமியிடம் நீட்டினார். "என்ன சாமி செய்ய? நின்னு நின்னு போவுதே!"

சாமி அவர் முகத்தைப் பார்த்தார். எழுந்து அகிலாவின் போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்தார். பழைய போனின் கண்ணுக்கு அது தட்டுப்படவில்லை. புதுப் போன் பேசுகிற அலைவரிசை அதற்குத் தெரியாது. பழையதற்குப் புரிகிற அலைவரிசைக்கு மாற்றினார். இரண்டும் கோத்துக்கொண்டன.

"இப்பம் பெட்டி நடுவுல இல்ல. நேரா போவும்" என்றார்.

போனது. அதுவரை ஊர்ந்துகொண்டிருந்த பச்சைக் கோடு நடக்கவே ஆரம்பித்துவிட்டது. கோமதி வீட்டுக் கொலுவை எடுத்தது போயிற்று. அகிலா பள்ளி ஆண்டுவிழாவில் ஆடியது போயிற்று. வேகம் வேண்டும் என்று கேட்ட மனிதர் வேகத்தைக் கண்டதும், "கொஞ்சம் தள்ளி வச்சிப் பாப்போமா" என்று கையை நீட்டினார்.

சாமி அடுக்களைக்குள் போய், ஒரு பெரிய தாம்பாளத்தில் புதுப்புளியைக் கொட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தார்.

"கொட்டையை எடுங்க."

"இப்பமா சாமி?"

"இப்பந்தான்."

குரு சொன்னால் மறுத்துப் பழக்கமில்லை. நெல்லையப்பன் புளிக்குள் கையை விட்டார். வெயிலில் காய்ந்து இளகிய புளி. விரலோடு விரல் ஒட்டிக்கொண்டது. அந்தக் கையால் போனைத் தொட முடியாது, தொட்டாலும் திரை கேட்காது. கொட்டையை எடுக்க எடுக்கக் கண் மட்டும் அந்தக் கோட்டிலேயே இருந்தது. கடைசிக்கு முந்தின வீடியோவும் போய்விட்டது.

கடைசியது தொடங்கியது. நீளமான வீடியோ. சூடேறிப்போன போன் இப்போது மறுபடி ஊர ஆரம்பித்தது.

"சாமி, நிறுத்துங்க."

"எதை?"

"அதை. அந்த ஒண்ணை. அவ பாக்கக்கூடாது." புளிக் கையைத் தாம்பாளத்திலிருந்து எடுத்தார். "கோமதி கூப்பிட்டா சாமி. கூப்பிடுங்க கூப்பிடுங்கன்னு கேட்டா. நாந்தான் சொல்லல. அவ வேண்டாம்னு சொன்னதா பிள்ளைகிட்ட பொய் சொல்லிட்டேன்."

சாமி நிறுத்தவில்லை. போனைத் தொடக்கூட இல்லை.

"இவ்வளவு நேரமா நின்னு நின்னு போனது எது?" என்று கேட்டார்.

நெல்லையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "நாந்தான்."

வாசலில் வேன்காரர் ஹாரன் அடித்தார். அகிலா பெட்டியைத் தூக்கி வைக்கிற சத்தம் கேட்டது. கோடு பாதியைத் தாண்டியிருந்தது.

"விமானத்துல உட்கார்ந்து இதைப் பாப்பா சாமி. பக்கத்துல நம்ம ஆளு யாரும் இருக்க மாட்டாங்க. அழுவா. அதுக்கப்புறம் என் முகத்துல முழிக்கவே மாட்டா." புளிக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் காற்றில் பிடித்துக்கொண்டே அழுதார். "இது இன்னும் மெதுவா போவாதா சாமி?"

சாமி திரையைக் குனிந்து பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"இதுக்கு மேல மெதுவா போவாது. பழைய போனு, தன்னால ஆன மட்டும் உங்களுக்கு நேரம் கொடுத்திருக்கு. வாசல் இந்தா இருக்கு. இப்பம் எந்திரிச்சு நடந்தீங்கன்னா, அதுக்கு முன்னாடி நீங்க பிள்ளைகிட்டப் போய்ச் சேந்திரலாம்."