இழுத்தால் மட்டும் பாடும் மவுத் ஆர்கன்

குருவுக்கு வயது குறைவு, சீடருக்கு அதிகம். அந்தத் தேயிலை மலையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செலின் டீச்சர் மவுத் ஆர்கன் சொல்லிக்கொடுப்பவர். பூவலிங்கம் தேயிலை பேக்டரியில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். முரட்டு விரல், ஆனால் பொறுமைசாலி.

உண்மையில் முதலில் படிக்க வந்தது அவர் மனைவி அழகம்மைதான். கொழுந்து எடை போடக் காத்திருக்கும் நேரத்தில் வாசிப்பார். மனைவியைக் கூட்டிப்போக வந்து, வாசலில் நின்ற வாக்கிலேயே பூவலிங்கமும் பாதி கற்றுக்கொண்டார். அப்புறம் அவரும் சீடராகிவிட்டார்.

அழகம்மை மூச்சு வியாதியில் போய்ச் சேர்ந்த பிறகு பூவலிங்கம் வகுப்புக்கு வரவில்லை. லீவு நாளெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு எதையோ அரத்தால் ராவிக்கொண்டே இருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

ஒரு மத்தியானம், பனி இறங்கி எதிர்வீடு மறைந்துபோன நேரத்தில், டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார்.

"என்னண்ணே இது கோலம்? சாப்பிடறீங்களா இல்லையா?"

"அத விடுங்க டீச்சர். இதப் பாருங்க."

கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே இரண்டு விரல் அகலத்தில் ஒரு மவுத் ஆர்கன். உடம்பு சில்வர் ஓக் கட்டை. மூடி பிஸ்கட் டப்பாத் தகரம். நாலே நாலு ஓட்டை. சும்மா சொல்லக்கூடாது, கடையில் வாங்கினாலும் இவ்வளவு கச்சிதமாகக் கிடைக்காது.

"அடேயப்பா! நீங்களே பண்ணதா?"

"நாக்கு மட்டும் அவளோட பழைய மவுத் ஆர்கன்லருந்து எடுத்தது. அதுல ஒண்ணு கொஞ்ச நாளா மங்கிட்டே போகுது. அத மட்டும் சரி பண்ணிக் குடுங்க. வேற எதையும் தொடாதீங்க."

டீச்சர் மூடியைக் கழற்றினார். மவுத் ஆர்கனில் ஒவ்வொரு ஓட்டைக்கும் இரண்டு பித்தளை நாக்கு உண்டு. ஊதினால் ஒன்று துடிக்கும், மூச்சை உள்ளே இழுத்தால் மற்றது. இதில் ஊதும் நாக்குகளையே காணோம். அந்த இடத்தில் வெறும் தகடு இருந்தது.

"ஊதற நாக்கெல்லாம் எங்கண்ணே?"

"எடுத்துட்டேன்."

"சின்னதா இருக்கணும்னா?"

"அதுக்கில்ல. அவ உள்ள இருக்கா டீச்சர். ஊதினா போயிருவா."

வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல அதைச் சொன்னார். டீச்சருக்குத்தான் முதுகு சில்லிட்டது.

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? நான்தானே பக்கத்துல இருந்தேன். கடைசி நாள் அவளால பேச முடியல. இரைப்பு. கையை வாய்ப்பக்கம் காட்டிக் காட்டி ஆட்டினா. எனக்குப் புரிஞ்சுபோச்சு. மவுத் ஆர்கன் வேணும்னா எப்பவும் அப்படித்தான் கேப்பா. ஓடிப்போய் எடுத்து வாயில வெச்சேன். ஒரே இழுப்பு. என்ன சத்தம் தெரியுமா! அந்த மூச்சை அவ திருப்பி விடவேயில்ல."

"அதனால?"

"இழுத்த மூச்சு எங்க போகும்? இதுக்குள்ளதான் நிக்குது. தினமும் இழுக்கறேன். அவ வர்றா."

டீச்சர் மங்கிப்போன நாக்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரிசல் இல்லை. துருவும் இல்லை. நகத்தால் சுண்டினார். நன்றாகவே துடித்தது.

"நாக்குல ஒரு கோளாறும் இல்லண்ணே."

"பின்ன ஏன் மங்குது?"

டீச்சர் மூடியை மறுபடி முடுக்கினார். ஒருவர் வாய் வைத்த மவுத் ஆர்கனில் இன்னொருவர் வாய் வைப்பது அவர்களுக்குள் வழக்கமில்லை. அதனால் அதைத் திருப்பி, பின்பக்கமாக ஊதினார். இழுத்தால் வரும் அதே சுரம் கேட்டது.

பூவலிங்கம் பதறிப்போனார். "ஐயையோ, ஊதாதீங்க!"

"முன்னாடி நீங்க இழுத்தாலும் இது பாடும். பின்னாடி ஒருத்தர் ஊதினாலும் பாடும். காத்து போற வழி ஒண்ணுதான். ஒரு பிட்டருக்கு இத நான் சொல்லணுமா?"

"அதுக்கென்ன இப்ப?"

"வாசிங்க."

பூவலிங்கம் வாயில் வைத்து இழுத்தார். மெலிந்த சத்தம் ஒன்று எழுந்தது. டீச்சர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பக்கவாட்டில் நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு, அதன் ஒரு பக்கக் கண்ணாடிச் சில்லை மவுத் ஆர்கனுக்குப் பின்னால் பிடித்தார்.

சில்லில் ஆவி படிந்தது.

பூவலிங்கம் இழுத்துக்கொண்டுதான் இருந்தார். டீச்சர் கட்டைவிரலால் சில்லில் பூவலிங்கத்தைப் பார்த்த பக்கத்தைத் துடைத்தார். ஆவி போகவில்லை. மறுபக்கத்தைத் துடைத்தார். போயிற்று. உடனே திரும்பவும் படிந்தது. மற்றச் சில்லு தெளிவாகவே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு காலி நாற்காலிதான் கிடந்தது.

பூவலிங்கத்துக்குக் கண் நிறைய, சிரிப்பும் வந்துவிட்டது. வாயிலிருந்து மவுத் ஆர்கனை எடுத்தார்.

"பாத்தீங்களா! இருக்கா. என் அழகம்மை இருக்கா! யாரும் நம்பலியே டீச்சர்!"

"இருக்காங்கண்ணே." டீச்சர் சில்லைக் காட்டினார். "ஊதிட்டே இருக்காங்க."

"எனக்காக!"

"நீங்க இழுக்கறீங்க, அவங்க விடறாங்க. தினமும். அவங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு மூச்சு. மங்காம என்ன செய்யும்?"

பூவலிங்கத்தின் சிரிப்பு நின்றது.

டீச்சர் கண்ணாடியை மவுத் ஆர்கனுக்குப் பின்னாலிருந்து எடுக்கவில்லை. வாசிப்பு நின்ற பிறகும் ஆவி அடங்கவில்லை. சின்னச் சின்னதாக, விட்டு விட்டு வந்தது. ஒன்று மறைவதற்குள் அடுத்தது வந்தது. ஒவ்வொன்றும் முந்தினதைவிடச் சிறிதாக இருந்தது.

பூவலிங்கம் குனிந்து பார்த்தார். அந்த மூச்சின் தாளம் அவருக்குத் தெரியும். மாதக்கணக்கில் பக்கத்தில் படுத்துக் கேட்டது.

"டீச்சர், அவளுக்கு இரைக்குது."

"ஆமாண்ணே."

"அன்னைக்கு மாதிரியே இரைக்குது. ஐயோ, என்ன பண்ணட்டும்? சொல்லுங்களேன்!"

"ஊதுங்க."

"ஊதினா போயிருவாளே!"

சில்லில் இருந்த ஆவி ஒரு மிளகு அளவுக்குக் குறுகிவிட்டது.

பூவலிங்கம் மவுத் ஆர்கனை வாயில் வைத்தார். இத்தனை நாள் அதற்குள் விடாத மூச்சை விட்டார். நெஞ்சு ஒட்டிப்போகும்வரை ஊதினார். துடிக்க அங்கே நாக்கு ஏது? வெறும் காற்று போயிற்று.

ஊதி முடித்து நிமிர்ந்தார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"சத்தமே வரலையே டீச்சர்."

செலின் டீச்சர் மெதுவாகக் கேட்டார்:

"அன்னைக்கு அவங்க கையை ஆட்டிக் கேட்டது சத்தத்தையா, மூச்சையா, அண்ணே?"