திட்டும் உரிமை

"உண்மையை எல்லார் முன்னாலயும் சொன்னா, எதுவும் மாறாதா ஐயா?"

பாகரி நின்றுகொண்டே கேட்டான்.

தியமோ வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"அவரைக்கொட்டை தின்னி வந்துட்டான். முதல்ல உட்காரு. உங்க குலத்துல நின்னுக்கிட்டுப் பேசினவன் எவனும் உருப்பட்டதில்ல."

பாகரி சிரித்தான். சிரித்தே ஆக வேண்டும். அவன் சாலு. தியமோ தெம்பா.

ஆப்பிரிக்காவில், பெரிய ஆறு ஒன்று வளைந்து போகிற அந்த நாட்டில் எத்தனையோ இனங்கள். ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டே வாழ்ந்தன. சாலுவுக்கும் தெம்பாவுக்கும் மட்டும் ஓர் ஏற்பாடு இருந்தது. ஏதோ ஒரு காலத்தில் இரண்டு குலமும் வெட்டிக்கொண்டு அழிந்துபோகிற நிலைக்கு வந்து, கடைசியில் கத்தியைக் கீழே போட்டுவிட்டு வாயை மட்டும் வைத்துக்கொண்டன. அன்றிலிருந்து தெம்பா ஒருவன் சாலுவை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். திருடன், அடிமை, அவரைக்கொட்டை தின்னி, எதுவும். சாலுவும் திருப்பிச் சொல்லலாம். யார் வாங்கிக் கட்டிக்கொண்டாலும் சிரிக்க வேண்டும். கோபப்பட்டவனுக்கு அந்த ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள்.

நாட்டின் தலைவர் சாலு. பாகரி பிறப்பதற்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்தவர். இப்போது எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும், இருந்தாலும் எழுந்திருப்பதாக இல்லை. அவரைப் பற்றி டீக்கடையில் முணுமுணுத்தால் ஜெயில். ஆனால் வருடம் ஒருமுறை அறுவடை விழாவுக்குச் சொந்த ஊர் வருவார். அன்று அவரை மைக்கில் திட்டுவது தெம்பாக்களின் உரிமை. இருக்கிற தெம்பாக்களில் வாய் பெரியது தியமோவுக்கு. அதனால் அது அவர் வேலை.

அந்த வாயைக் கற்றுக்கொள்ளத்தான் பாகரி அவரிடம் சீடனாகச் சேர்ந்தான். இருவருக்கும் ஏழெட்டு வயதுதான் வித்தியாசம். பொறுமையில்தான் வித்தியாசம் பெரிது.

"என்ன விஷயம், சொல்லு," என்றார் தியமோ.

"ஆஸ்பத்திரி ஜெனரேட்டர்."

"அது எங்க இருக்குன்னு ஊருக்கே தெரியுமே."

தெரியும். தலைவரின் மருமகன் தௌதா ஆற்றங்கரையில் ஓட்டல் கட்டியிருந்தான். ஆஸ்பத்திரி ஜெனரேட்டரை ரிப்பேருக்கு என்று லாரியில் ஏற்றினார்கள். அது நேராக ஓட்டலின் பின்கட்டில் போய் நின்றது. இப்போது அங்கே பீர் ஜில்லென்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பொழுது சாய்ந்தால் செல்போன் வெளிச்சத்தில் பிரசவம்.

பாகரியின் தங்கை சிராவுக்கு முதல் பிள்ளை அந்த இருட்டில்தான் பிறந்தது. ரத்தம் எங்கிருந்து போகிறது என்று நர்ஸுக்குத் தெரியவில்லை. சிரா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. இப்போது மறுபடி நிறைமாதம், பிரசவத்துக்கு அண்ணன் வீட்டில் இருந்தாள்.

பக்கத்து வீட்டுப் பெண்டாவுக்கும் நிறைமாதம். அவள் போமா இனம், மீன் விற்கிறவள். இருவரும் ஒன்றாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். பாகரியைப் பார்த்தாலே பெண்டா விடமாட்டாள்.

"ஏம்ப்பா, நாட்டையே ஆள்றது உங்க ஆளு. ஒரு பல்பு வாங்கித் தரமுடியலையா? எங்க ஆளு ஆண்டிருந்தா ஆத்துக்குள்ளயே கரண்ட் விட்டிருப்போம்."

அவன் சிரிக்க வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. இருந்தும் சிரித்துவிட்டுத்தான் வருவான்.

"விழாவுல இதைச் சொல்லுங்க ஐயா," என்றான் பாகரி. "நீங்க ஒருத்தர்தான் சொல்ல முடியும்."

"சொல்றேன்."

"அவர் முகத்துக்கு நேரா?"

"முகத்துக்கு நேராத்தான். வந்து பாரு."

*

விழாவன்று தலைவரைக் காரிலிருந்து இறக்கினார்கள். இறக்கினார்கள் என்பதுதான் சரி. கறுப்புக் கண்ணாடி, காதில் மெஷின், மடியில் ஒரு கம்பளம். அந்த வெயிலிலும் அவருக்குக் குளிரெடுத்தது. பக்கத்தில் தௌதா, வெள்ளை அங்கியில்.

தியமோ மைக்கைப் பிடித்தார்.

"ஏ கிழட்டு அவரைப்பானை! இன்னும் நீ உடையலையா?"

கூட்டம் ஆர்ப்பரித்தது. தலைவரின் வாய் மெல்ல விரிந்தது.

"உன் மருமகன் வந்திருக்கானா? பத்திரம், உன் செருப்பைப் பார்த்துக்கோ. ஆஸ்பத்திரி ஜெனரேட்டரையே தூக்கிட்டுப் போய் பீர் குளிர வைக்கறவன் அவன். எங்க ஊர்ப் பொம்பளைங்க செல்போன் வெளிச்சத்துல பெத்துக்கறாங்க. பொறக்கற பிள்ளை அம்மாவைத் தேடறதுக்கு முன்னாடி சார்ஜரைத் தேடுது!"

மைதானமே குலுங்கியது. பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். தௌதா தொடையைத் தட்டிச் சிரித்தான். தலைவர் சிரித்துச் சிரித்து இருமினார். ஓர் ஆள் ஓடிவந்து வாயைத் துடைத்துவிட்டான். டிவிக்காரன் எல்லாவற்றையும் படம் பிடித்தான். விமர்சனத்தைச் சிரித்த முகத்தோடு ஏற்கும் தலைவர் என்று ராத்திரி செய்தியில் சொல்வார்கள்.

தலைவர் கையைக் காட்டினார். தியமோவுக்கு ஒரு கிடா, ஒரு பட்டு அங்கி. தியமோ அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு சுற்றிக் காட்டினார். இன்னும் சிரிப்பு.

சொல்ல வேண்டியது ஒன்றுவிடாமல் சொல்லியாகிவிட்டது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பாகரி ஆட்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நின்றான்.

"அது ஜோக் இல்ல," என்று கத்தினான். "ஜெனரேட்டர் எங்க? போன வருஷம் என் தங்கச்சி பிள்ளை செத்துப்போச்சு. எங்க அது?"

சிரிப்பு நின்றது. தெம்பா ஒருவன் சொன்னால் வழக்கம். சாலுவே சாலுவைச் சொல்வதற்கு அங்கே பெயரே கிடையாது.

போலீஸ் அசையவில்லை. அசைய வேண்டியிருக்கவில்லை. பாகரியின் சொந்தச் சித்தப்பாக்கள் இரண்டு பேர் வந்து அவனைக் கட்டிப்பிடித்தார்கள். ஒருவர் கை அவன் வாய்மேல் இருந்தது.

"அறிவு இருக்காடா? போமாக்காரன் பார்த்துக்கிட்டிருக்கான். நம்ம மானத்தை நாமே வாங்கலாமா?"

தலைவர் தலையைத் திருப்பினார். "யார் பிள்ளை அது?"

தௌதா குனிந்து காதில் சொன்னான். "சாலுதான் மாமா. நம்ம பிள்ளை."

கிழவரின் முகம் உண்மையாகவே வாடியது.

"நம்ம பிள்ளையா? நம்ம பிள்ளை இருட்டுல இருக்கானா?" என்றார். "என்னடா இது தௌதா. குடு அவனுக்கு."

"ஆஸ்பத்திரிக்குத்தான் கேட்டேன்!" என்றான் பாகரி, சித்தப்பாவின் விரல்களுக்கு நடுவிலிருந்து.

மேளம் தொடங்கிவிட்டது.

*

இரண்டாம் நாள் பாகரியின் வீட்டு வாசலில் ஒரு ஜீப் நின்றது. சின்ன ஜெனரேட்டர் ஒன்றை இறக்கி, ஒயர் இழுத்து, மூன்று பல்பும் ஒரு ஃபேனும் மாட்டிவிட்டுப் போனார்கள். ஒரு கேன் டீசலும் வைத்தார்கள்.

பாகரி தியமோவிடம் ஓடினான்.

"திருப்பி அனுப்பட்டுமா?"

தியமோ கிடாவுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார்.

"சிரா என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல. சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்க்கறா."

"அப்போ என்கிட்ட ஏன் வந்தே?"

பாகரி வீட்டுக்குத் திரும்பினான். ஜெனரேட்டரைத் திருப்பி அனுப்பவில்லை.

பெண்டா வந்து பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பல்புக்குக் கீழே நின்றாள்.

"அடேயப்பா. கத்தினா கிடைக்குமா? என் புருஷனையும் கத்தச் சொல்றேன்."

"உன் புருஷன் கத்தினா உள்ள போட்ருவாங்க," என்றாள் சிரா.

"தெரியும்டி," என்றாள் பெண்டா. இரண்டு பேரும் சிரித்தார்கள். பாகரி தண்ணீர் எடுக்கப் போவது போல வெளியே போய்விட்டான்.

சிராவுக்கு வலி கண்டது ஒரு சாயங்காலம். பெண்டாவை மத்தியானமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். சிராவையும் அங்கேயே கொண்டுபோகலாம் என்று பாகரி வண்டி தேடப் புறப்பட்டான். வாசலைத் தாண்டுவதற்குள் ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து நர்ஸ் இறங்கினாள். கையில் பை.

அந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்க இருந்தது அவள் ஒருத்திதான். பாகரிக்கு அது தெரியும்.

"உங்க சித்தப்பா போன் பண்ணினாராம். உங்க வீட்டுக்குப் போகச் சொல்லி தௌதா உத்தரவு," என்றாள்.

"ஆஸ்பத்திரில யாரு இருக்கா?"

நர்ஸ் தரையைப் பார்த்தாள். "ஆயா இருக்கா."

"பெண்டான்னு ஒருத்தி..."

"இருக்கா. குழந்தை குறுக்கால கிடக்கு." பையை மற்றக் கைக்கு மாற்றினாள். "நீங்க வேண்டாம்னு சொன்னா நான் திரும்பிப் போயிடறேன். நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல முடியாது."

உள்ளே சிரா அலறினாள். அண்ணா என்று அலறினாள்.

பாகரி வாசலை விட்டு விலகி நின்றான்.

"வாங்க," என்றான்.

சிராவுக்கு ஆண் குழந்தை. நல்ல வெளிச்சத்தில், ஃபேன் காற்றில், கத்திக்கொண்டே பிறந்தது. ரத்தம் எங்கிருந்து போகிறது என்று நர்ஸ் கண்டுபிடித்தாள், நிறுத்தினாள்.

பெண்டா விடிவதற்கு முன் போய்விட்டாள். குழந்தையும்.

காலையில் பாகரி பக்கத்து வீட்டுக்குப் போனான். போகாமல் இருந்திருக்கலாம். மீன் கூடைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பெண்டாவின் புருஷன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். திட்டுவான், அடிப்பான் என்று பாகரி எதிர்பார்த்தான். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"ஆஸ்பத்திரி ஜன்னல்லேருந்து பார்த்தோம்," என்றான் அவன். "உங்க வீட்டுல வெளிச்சம் தெரிஞ்சுது. அவதான் காட்டினா. சிராவுக்கு நல்லபடியா ஆயிடும்னு சொன்னா."



*

பாகரி தியமோவின் வீட்டுக்குப் போனபோது அவர் பட்டு அங்கியை மடித்துக்கொண்டிருந்தார். கிடா இல்லை. ஊரில் எல்லாருக்கும் பங்கு போயிருந்தது. பாகரி வீட்டுக்கும் வந்திருந்தது.

"வா," என்றார் தியமோ. அவரைக்கொட்டை என்றுகூடச் சொல்லவில்லை.

பாகரி தரையில் உட்கார்ந்தான்.

"கேள்விப்பட்டீங்களா?"

"கேள்விப்பட்டேன்."

"நீங்க உண்மையைச் சொன்னீங்க. சிரிச்சாங்க. நான் சொன்னேன். குடுத்தாங்க. நான் பங்கு கேட்கல ஐயா."

"கேட்கல."

"ஆனா வாங்கிட்டேன்."

"ஆமா."

"நர்ஸைத் திருப்பி அனுப்பியிருந்தா சிரா செத்திருப்பா."

"இருக்கலாம்."

"நான் என்ன செஞ்சிருக்கணும்? அதைச் சொல்லுங்க. இத்தனை நாள் உங்ககிட்ட இருந்திருக்கேன், இது ஒண்ணைச் சொல்லுங்க."

"தெரியாது," என்றார் தியமோ.

பாகரி அவரையே பார்த்தான். கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

"தெரியாதா? வருஷா வருஷம் மைக் பிடிச்சு அவரைத் திட்டறீங்க. கிடா வாங்கறீங்க. அங்கி வாங்கறீங்க. ஒரு கேள்விக்குத் தெரியாதுன்னு சொல்றீங்க."

"என் அப்பா, இவருக்கு முன்னாடி ஆண்ட இவரோட அண்ணன்காரனைத் திட்டினார். அப்போ ரோடு போடற தாரைத் தின்னாங்க. அப்பா ரொம்ப நல்லாத் திட்டுவார். ரோடு இன்னும் வரல." தியமோ அங்கியின் கையை உள்பக்கமாக மடித்தார். "இப்போ இருக்கற கிழவரும் ஒரு காலத்துல உன்னை மாதிரி முன்வரிசைக்கு வந்து கத்தினவர்தான். வெள்ளைக்காரன் இருந்த காலம். அவருக்கும் யாரோ ஏதோ குடுத்தாங்க. வாங்கிக்கிட்டார்."

தெருவில் யாரோ பெண்டாவின் வீட்டுக்கு விறகு சுமந்து போனார்கள்.

"வர்ற வருஷமும் திட்டுவீங்களா?" என்று கேட்டான் பாகரி.

"திட்டுவேன்."

"அதே தௌதாவை?"

"தௌதாவையும்." தியமோ அங்கியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "உன்னையும். வீட்டுக்கு மூணு பல்பு வாங்கினான், கூடவே ஊரோட நர்ஸையும் வாங்கினான்னு சொல்வேன். நீ சாலு, நான் தெம்பா. சொல்லாம விட முடியாது. நல்லாச் சொல்வேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்."

பாகரி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். அதில் விளையாட்டு இல்லை.

"நீ முன்வரிசையில உட்கார்ந்திருப்பே," என்றார் தியமோ. "நீயும் சிரிக்கணும். இன்னும் ஒரு வருஷம் இருக்கு. பழகிக்கோ."