விலை பேசாத அரண்மனை

முன்னொரு காலத்தில், கப்பல் வந்தால் பணக்காரப் பட்டணம், வராவிட்டால் ஏழைப் பட்டணம் என்று கடலோரத்தில் ஒரு தலைநகரம் இருந்தது. அதை ஆண்டவர் சேந்தபூபதி. நல்ல மனிதர். கெட்ட செய்தி மட்டும் அவருக்குச் செரிக்காது.

அந்த வருடம் கீழ்த்திசைக் கப்பல்கள் வரவில்லை. காலையில் ஏறிய மிளகு விலை மாலையில் இறங்கியது. இறங்க வேண்டிய நெல் விலையோ ஏறிக்கொண்டே போனது. சபை கூடினால் விலைப் பேச்சு, கலைந்தால் விலைப் பேச்சு. ஆடி மாதத்தில் ஒருநாள், அரசரின் உச்சந்தலையில் எண்ணெய் வைத்த பணியாள், நல்லெண்ணெய் என்ன விலை விற்கிறது என்று சொல்லித் தொலைத்தான். அரசர் பாதிக் குளியலில் எழுந்து வந்து ஆணையிட்டார். தை பிறக்கும் வரை அரண்மனையைச் சேர்ந்தவர் வாயிலிருந்து ஒரு விலையும் வரக் கூடாது. அவர்கள் காதில் விழவும் கூடாது, ஓலையில் எழுதவும் கூடாது. மீறியவர் யாரானாலும் பாதித் தலை மழிக்கப்பட்டுப் பட்டணத்தை விட்டுத் துரத்தப்படுவார்.

விலைப் பேச்சு ஒழிந்தால் கவலையும் ஒழியும் என்று அரசர் நினைத்தார். ஆனால் அரண்மனைக்குக் கத்தரிக்காய் வேண்டுமே. மடைப்பள்ளிக்காரர் கடைவீதிக்குப் போய்க் காயை எடுத்துக்கொண்டு, பணப்பையைத் திறந்து நீட்டினார். கடைக்காரர் தம் மனசாட்சி சொன்ன அளவுக்கு எடுத்துக்கொண்டார். சிலருடைய மனசாட்சிக்குக் கை கொஞ்சம் நீளம். ஆவணி முடிவதற்குள் கருவூலத்தில் ஆயிரத்து இருநூறு பொன்தான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய ஏரியின் கரையில் விரிசல் கண்டது. மழைக்கு நாற்பது நாள் இருந்தது. கரை போனால் அதன் கீழே இருக்கும் கடைவீதியும் நெசவாளர் தெருவும் சேர்ந்து போகும்.

பிரதானி கடம்பநாதர் எழுந்தார். பட்டணத்தில் எந்த வேலை வந்தாலும் அது அவருடைய மைத்துனர் வீட்டைத் தாண்டிப் போகாது.

“பெருமானே, கருவூலப் பெட்டியை என் மைத்துனரிடம் அனுப்புவோம். கரைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தருவார். விலை என்ற பேச்சே எழாது.”

அரசர் தலையசைக்கப் போனார். அப்போது சபையில் ஒருவன் இருமினான். அவன்தான் விகடன் வயிரவன்.

வயிரவன் சந்தை இரைச்சலில் வளர்ந்தவன். அவன் அப்பா வியாபாரத்தில் நொடித்து, ஒற்றை மாட்டு வண்டியோடு இந்தப் பட்டணத்துக்கு வந்தபோது, கடைவீதிதான் ஆளுக்கொரு படி அரிசி போட்டு ஒரு மழைக்காலம் முழுக்கக் காப்பாற்றியது. பின்னால் திருப்பிக் கொடுக்கப் போனால் வாங்கிக்கொள்ள ஒருவரும் ஒப்பவில்லை. அந்த நன்றி அவன் முதுகில் இறக்கி வைக்க இடம் கிடைக்காத மூட்டையாகவே இருந்தது.

“பெட்டி நிச்சயம் போகும், பெருமானே. மிச்சம் திரும்பி வருமா என்பதுதான் அடியேனுடைய இருமல்” என்றான்.

பிரதானி இதற்காகத்தான் காத்திருந்தார். அவர் மூக்கை வைத்து வயிரவன் பத்து வருடமாகச் சபையைச் சிரிக்க வைத்திருந்தான்.

“அப்படியானால் வயிரவனே கரையைக் கட்டட்டும். கருவூலத்தில் பாதி தொடாமல் இருக்க வேண்டும். விலை சொல்லக் கூடாது, கேட்கக் கூடாது, எழுதக் கூடாது. முடியாவிட்டால் இந்தப் பட்டணத்தில் அவனுக்கு இடமில்லை.”

அரசருக்கு இது நல்ல வேடிக்கையாகப் பட்டது. சரி என்றார்.

வீட்டில் வயிரவனின் மனைவி உண்ணாமலை சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். “வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களே. இப்ப அந்த வாயையே கட்டிப்புட்டாங்க. என்ன பண்ணப் போறீங்க?”

வயிரவன் சோற்றைப் பிசைந்த தன் கையையே பார்த்தான். “கைய யாரும் கட்டலையே, உண்ணாமலை” என்றான்.

மறுநாள் மாட்டுச் சந்தை. அங்கே தரகர்கள் விலையை வாயால் சொல்வதில்லை என்பது ஊரறிந்த வழக்கம். விற்பவன் கையையும் வாங்குபவன் கையையும் ஒரு துண்டு மூடும். உள்ளே எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் விலை. வெளியே வாய் வேறு எதையாவது பேசிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் இவ்வளவு கேட்டான் என்று இவன் ஏற்றிக் கேட்கவும் வழியில்லை.

ஏரி வெட்டும் கூட்டங்களின் தலைவர்கள் மூன்று பேரை வயிரவன் முதலில் கரைக்கு அழைத்துப் போய் விரிசலைக் காட்டினான். பிறகு சந்தைக்குக் கூட்டி வந்து, ஒரு தரகரிடம் துண்டு இரவல் வாங்கினான். நூறு பொன் கட்டிய பையொன்றைக் காட்டி ஒரு விரலை உயர்த்தினான். மூவருக்கும் புரிந்தது. பிரதானி அனுப்பிய ஆளும் காதைத் தீட்டிக்கொண்டு மூன்று முழம் தள்ளி நின்றான்.

இருளப்பன் எட்டு விரல் பிடித்தான். மூக்கன் ஏழு. கடைசியாக வந்தவள் வீராயி. கணவன் போன பின் நாற்பது மண்வெட்டிகளை மேய்க்கிறவள்.

“மகளுக்கு மாப்பிள்ளை பாத்தாச்சா, ஆத்தா?” என்றான் வயிரவன். துண்டுக்குள் அவள் ஆறு விரல் பிடித்தாள்.

“வர்றவன்லாம் உங்களுக்கு வேலை எங்கன்னு கேக்குறான், சாமி. நாங்க எங்கன்னு காட்டுறது?”

அவன் ஒரு விரலை விலக்கினான். அவள் எட்டிப் பிடித்தாள். மறுபடி விலக்கினான். இன்னொன்றையும் விலக்கினான். நாலு விரலில் அவள் கை அசையாமல் நின்றது. காய்ந்த, வெடிப்பு விட்ட கை. அதற்கு மேல் இழுக்க அதில் வலு இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. நாலுக்கே ஒப்புவாள். ஆனால் அரை வயிற்றுக் கஞ்சி குடித்தவர்கள் மண்ணைக் கொட்டுவார்கள். மிதித்து இறுக்க அவர்களால் ஆகாது. மழை வந்தால் கரை காட்டிக்கொடுத்துவிடும்.

வயிரவன் தானாகவே ஐந்தாவது விரலை அவள் கையில் வைத்தான்.

வீராயி நிமிர்ந்து பார்த்தாள். சந்தையில் அவள் பார்த்திராத பேரம் அது. “என்னங்க சாமி இது?”

“நல்லா மிதிச்சுக் கட்டு, ஆத்தா. கீழ எங்க கடைவீதி இருக்கு.”

அவள் அவன் கையைத் துண்டோடு கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

முப்பது நாளில் கரை எழுந்தது. கூலி வாங்கியவர்கள் கடைவீதியில் அரிசி வாங்கினார்கள், எண்ணெய் வாங்கினார்கள். ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடைகளில் தராசு ஆடியது. அரண்மனைக்கு வரவேண்டிய சுங்கமும் சத்தமில்லாமல் வரத் தொடங்கியது. வயிரவன் கரைக்கென்று ஒதுக்கிய பாதியில் மிஞ்சிய நூறு பொன்னையும் கருவூலத்தில் சேர்த்துவிட்டான். பிறகு மழை வந்தது. ஏழு நாள் கொட்டியது. கரை அசையவில்லை.

எட்டாம் நாள் சபையில் பிரதானி எழுந்தார். பேரம் பேசாமல் எந்த வேலையும் நடக்காது, பேசியிருந்தால் ஆணை மீறப்பட்டிருக்கிறது என்றார். நாவிதரையும் கையோடு அழைத்து வந்திருந்தார்.

தன்னைக் கேட்க வேண்டாம், பிரதானி அனுப்பிய ஆளையே கேட்கலாம் என்றான் வயிரவன். அந்த ஆள் கும்பிட்டு, மாப்பிள்ளை, மகள், வேலை இல்லாத குறை இவற்றைத் தவிர எதுவும் தன் காதில் விழவில்லை என்று உள்ளதைச் சொன்னான்.

அரசருக்கு ஆவல் தாங்கவில்லை. “பின் எவ்வாறு முடித்தாய்?”

“சொல்ல ஆணை தடுக்கிறது, பெருமானே. திருக்கரத்தைத் தந்தால் காட்டலாம். ஒரு விரல் என்பது நூறு பொன் கட்டிய ஒரு பை.”

அரசரின் சால்வைக்குள் இரண்டு கைகள் போயின. வயிரவன் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தான்.

அரசரின் முகம் மலர்ந்தது. “ஐந்நூறு பொன்னா? இவ்வளவுதானா? சின்ன ஏரிக் கரைக்கே பிரதானியின் மைத்துனர் இரண்டாயிரம் எடுத்தாரே.”

நாவிதர் கத்தியை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

வயிரவன் கைகட்டி நின்றான். “அடியேன் காதில் ஒன்றும் விழவில்லை, பெருமானே. ஆனால் சபையில் மற்ற காதுகள் நிறைய இருக்கின்றன. ஆணையில் ‘யாரானாலும்’ என்று இருக்கிறது. மழிக்க வேண்டியது இடப் பாதியா வலப் பாதியா என்பதுதான் அதில் இல்லை.”

அரசரின் கை தானாகத் தலைக்குப் போய்க் கிரீடத்தை அழுத்திப் பிடித்தது. அடுத்த கணம் அவர் சிரித்த சிரிப்பில் கிரீடமே சாய்ந்துவிட்டது. ஆணை அங்கேயே ரத்தானது. இனி சபை கூடியதும் முதல் வேலையாகச் சந்தை விலையைப் படிக்க வேண்டும், அதுவும் தமக்குக் கேட்கும்படி உரக்கப் படிக்க வேண்டும் என்றார். பிரதானியின் மைத்துனர் அன்று மாலையே தீர்த்த யாத்திரை கிளம்பிவிட்டதாகக் கேள்வி.

“இந்த மழையில் என் பட்டணம் கடலோடு போயிருக்கும், வயிரவா. உனக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். என்ன வேண்டும்?”

“கடைவீதி நிற்கிறது, பெருமானே. அதுவே போதும் என்று சொல்லத்தான் ஆசை. அந்த வீதியில் வளர்ந்ததால் வாய் வரவில்லை” என்று வயிரவன் சால்வைக்குள் கையை நீட்டினான்.

அரசர் இரண்டு விரல் பிடித்தார். மழை நல்ல மழை என்று பேசிக்கொண்டே வயிரவன் கை முழுவதையும் பிடித்தான். அரசர் ஒரு விரலை உருவினார். வயிரவன் அதை எட்டிப் பிடித்தான். வீராயி கூட்டம் வாய்க்கால் தூர்வாரவும் கெட்டிக்காரர்கள் என்று இடையில் ஒரு பேச்சு வந்தது. அரசர் அதற்குத் தலையசைத்தபடியே இன்னொரு விரலை உருவப் பார்த்தார். சபைக்குத் தெரிந்ததெல்லாம் சால்வை இப்படியும் அப்படியும் துள்ளியதுதான். எத்தனை விரலில் முடிந்தது என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் பேசிய அரசர், தோற்றுவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தது மட்டும் கடைவீதி வரைக்கும் கேட்டது.