முதுகுல பாஞ்ச மயிலிறகு

கார்மேக ராசான்னு ஒருத்தர் ஆண்டாரு. அவரு தாத்தா காலத்துல, சண்டையில நெஞ்சுல காயம் வாங்குனவனுக்குத்தான் கால்ல வீரக்கழல் பூட்டுவாங்க. மணி வச்ச தங்கக் காப்பு அது. நாட்டுக்கே ஏழு பேருதான் போட்டிருந்தாங்க. அப்புறம் ராசாவோட மச்சான், குதிரையிலருந்து விழுந்ததுக்கு ஒண்ணு வாங்குனாரு. அந்தக் குதிரை கதை தனிக் கதை. கிழட்டுக் குதிரை, பாவம், சும்மா நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சாம்! பாசறையில ரசத்தைக் கையில கொட்டிக்கிட்ட சமையக்காரருக்கு ஒண்ணு. கடைசியில அரமனை பூரா ஒரே மணிச் சத்தம்.

எங்க விட்டேன்? ஆங், தளவாய் வீரபாகு. படைக்கெல்லாம் தலைவரு. எதிரி கோட்டையைப் பிடிச்சுட்டு வந்து, "எனக்கும் கழல் வேணும் மகாராசா"ன்னு நின்னாரு. கூடவே சுடலைங்கிற சிப்பாயைக் கட்டி இழுத்துட்டு வந்தாரு.

"இவனுக்கு முதுகுல காயம். பயந்து ஓடியிருக்கான். தலையை எடுக்கணும்."

முதுகுல காயம்னா மேக்கொண்டு விசாரிக்கிற வழக்கமே கிடையாது. "கோட்டைச் சுவர்ல மொதல்ல ஏறுனவனே நாந்தான் சாமி!"ன்னு சுடலை கதறுனான். ராசா தலையாட்டப் போனாரு.

சபையில விகடம் பேசுற ஆண்டியப்பன் குறுக்க வந்தான். வைத்தியர் சுடலை முதுகுலருந்து பிடுங்கி அவன்கிட்ட குடுத்த அம்பு, அவன் அங்கவஸ்திரத்துக்குள்ளதான் இருந்துச்சு. இப்பவே நீட்டுனா, 'எவனோ களவாண்ட அம்பு'ன்னு தளவாய் சாதிச்சுருவாரு. அவரு வாயாலயே வரணும்.

"தளவாய் ஐயா, ஒங்க வீரத்தை நாங்களும் கேக்கோமே!"

"சுவர் மேல ஒருத்தன் நின்னான். ஒரே அம்பு. சாஞ்சுட்டான்."

"மயிலிறகு கட்டுன அம்பா?"

"பின்ன? மத்தவனுக்கெல்லாம் கழுகு இறகுதான். மயிலிறகு எனக்கு மட்டுந்தானே!"

"வேற எவனும் எடுத்து விட்டிருப்பானோ?"

"என் அம்பை எவன்டா தொடுவான்?"

"ஐயா அப்ப எங்க நின்னீக?"

"படைக்குக் கடைசியில, யானை மேல."

ஆண்டியப்பன் அங்கவஸ்திரத்தை ஒதறுனான். ரத்தம் காஞ்ச அம்பு ஒண்ணு விழுந்துச்சு. வாலுல மயிலிறகு.

"சுடலை முதுகுல இருந்தது இதான் மகாராசா. பிடுங்குன வைத்தியர் இந்தா நிக்காரு. இவன் ஓடலை, எல்லாருக்கும் முன்னால போனான். தளவாய்தான் பின்னால இருந்தாரு."

ராசா தன் கால் கழலையே கழட்டி சுடலைக்குப் பூட்டுனாரு.

"தளவாயை என்ன செய்யலாம் ஆண்டியப்பா?"

"கழல் கேட்டாருல்ல, குடுங்க. நல்லா பெரிய மணியா வச்சுக் குடுங்க."

"எதுக்குய்யா?"

"தளவாய் பின்னால வாராருன்னு சத்தம் கேட்டா, முன்னால சண்டை போடுறவன் குனிஞ்சுக்கலாம்லா!"

ராசா சிரிச்சாரு பாருங்க, சபையே அதிர்ந்துச்சு. மச்சான் மட்டும் மெதுவா கழல் போட்ட காலை வேட்டிக்குள்ள இழுத்துக்கிட்டாரு.