பச்சைப் பொத்தான்

புது மின்சார ரயில்கள் வந்தபோது, பழைய மோட்டார்மேன்களுக்குப் பாடம் எடுக்க மெர்லின் வந்தாள். வயது முப்பத்திரண்டு. எதிரே உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே வண்டி ஓட்டியவர்கள். ஐம்பத்து நான்கு வயதுத் தணிகாசலம் முதல் வரிசையில் உட்கார்ந்து, அவள் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார்.

தானே மூடும் கதவு, ஏசி, ஸ்டேஷன் பெயரைத் தேனொழுகச் சொல்லும் குரல். ஊரே மெச்சியது. ஓட்டுநர் முன்னால் ஒரு திரை. கோளாறு என்றால் பீப் என்று கத்தி, என்ன கோளாறு என்பதை எழுத்தில் காட்டும். பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான். அதை அழுத்தினால் 'பார்த்தேன்' என்று பொருள். அழுத்தினால்தான் வண்டி நகரும். எந்த நொடியில் அழுத்தினார் என்பதை ஒரு பதிவுப் பெட்டி பதிந்துகொள்ளும்.

ஆறு மாதம் கழித்து ஒரு காலை. ஜவுளிக்கடை வேலைக்குக் கிளம்பிய கற்பகவல்லியின் கைப்பை வார் கதவில் மாட்டிக்கொண்டது. பிளாட்பாரத்தில் நின்றவளை வண்டி இழுத்துக்கொண்டு போனது. இடது கால் போயிற்று. ஓட்டியவர் தணிகாசலம்.

விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் அவர் மெர்லினைத் தேடிப் பணிமனைக்கு வந்தார்.

"மேடம், கதவுல ஏதோ சிக்கியிருக்குன்னு திரையில வந்துச்சாம். நான் 'பார்த்தேன்'னு அழுத்தினேனாம். சத்தியமா பார்க்கலை. பெட்டி பொய் சொல்லுது. நாளைக்கு என் வேலையே போயிடும்."

மெர்லின் ஓரமாக நின்ற ஒரு வண்டிக்கு அழைத்துப்போய், ஓட்டுநர் இருக்கையில் அவரை உட்காரவைத்துப் பயிற்சிக் கோளாறுகளைத் திரையில் ஓடவிட்டாள்.

"உங்க பொண்ணு நர்ஸிங் முடிச்சாச்சா?"

"கடைசி வருஷம் மேடம்."

பீப். அவர் பேசிக்கொண்டே இருந்தார். ஹாஸ்டல் சாப்பாடு, முதல் நாள் வார்டில் ரத்தத்தைப் பார்த்து மகள் மயங்கி விழுந்தது. பீப். பீப்.

"இப்ப எத்தனை தடவை அழுத்தினீங்க?"

"ரெண்டு, மூணு இருக்கும்."

பெட்டியின் பதிவைக் காட்டினாள். பதினான்கு.

"கடைசியா என்ன எழுதியிருந்துச்சு?"

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். அது இன்னும் பொத்தான்மேல்தான் இருந்தது.

அவள் அந்த வரியைத் திரும்பக் கொண்டுவந்தாள். 'நான்காம் பெட்டி, கதவில் தடை.' அன்று காலை வந்த அதே வரி.

தணிகாசலம் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெட்டி பொய் சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"இந்தக் கைக்கு இதை யாரு பழக்கினது மேடம்?"

"நான்தான். முதல்ல அழுத்துங்க, அப்புறம் படிங்கன்னு முதல் நாளே சொன்னேன். நீங்க நோட்டுல எழுதிக்கிட்டீங்க."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"தூசி பட்டாலும் கத்துது. ஒவ்வொண்ணையும் படிச்சுட்டு அழுத்தினா வண்டி லேட்டு. லேட்டானா உங்களுக்கு மெமோ. மெமோ வாங்கினவங்க எல்லாம் என்கிட்ட வந்து நின்னாங்க. பாவமா இருந்துச்சு, சொல்லிட்டேன். இப்ப அந்தப் பொண்ணை நினைச்சா எனக்குச் சோறு இறங்கலை."

"மேலே யாருக்கும் இது தெரியாதா?"

அவள் பையிலிருந்து, மேலதிகாரிக்கு அனுப்பித் திரும்பி வந்த ஆறு கடிதங்களை எடுத்துக் கொடுத்தாள். கதவு வீணாகக் கத்துகிறது, அதனால் யாரும் படிப்பதில்லை, ஒருநாள் ஆளை இழுத்துவிடும், உடனே சரிசெய்யுங்கள் என்று ஆறிலும் எழுதியிருந்தாள். ஆறின் ஓரத்திலும் பச்சை மையில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. கடிதம் போய்ச் சேர்ந்த அன்றைக்கே போட்ட கையெழுத்து.

தணிகாசலம் சட்டைப்பையிலிருந்து தனக்கு வந்த நோட்டீஸை எடுத்துப் பிரித்தார். கீழே அதே கையெழுத்து.

"நாளைக்கு என்னை விசாரிக்கப் போறவரா?"

"அவரேதான். இந்தக் கடிதங்களோட நானும் வர்றேன்."

அவர் நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அப்ப, படிக்காமலே அழுத்திட்டேன்னு உண்மையைச் சொன்னா, அவருக்குப் புரியும் இல்ல மேடம்?"

"நல்லாப் புரியும் சார். அவரும் அப்படித்தானே கையெழுத்துப் போட்டார். அதனாலதான் ஒத்துக்க மாட்டார்."